சர்வருக்கும் சேமிப்பகத்துக்கும் இரட்டைப் பாதை: பாண்டிங்கா, மல்ட்டிபாத்தா?

தரவுத்தளமோ மெய்நிகர் இயந்திரமோ தன் வட்டை வலைப்பின்னல் வழியாகப் பெறும் இடத்தில், ஒற்றைக் கேபிளை நம்பியிருக்க யாரும் சம்மதிப்பதில்லை. இரண்டு போர்ட், இரண்டு கேபிள், இரண்டு ஸ்விட்ச் என்று வாங்குவது வரை ஒருமித்த கருத்தே நிலவுகிறது. அந்த இரண்டையும் எந்த அடுக்கில் ஒன்றாக்குவது என்ற கேள்வியில்தான் வழிகள் பிரிகின்றன. போர்ட்டுகள் இரண்டையும் ஒரே இணைப்பாகக் கட்டி, அதற்கு ஒரே ஐபி முகவரியைக் கொடுப்பது பாண்டிங். பெரும்பாலும் இது, கேபிளின் இரு முனைகளும் செய்தி பரிமாறிக்கொண்டு இணைப்பைக் கட்டும் எல்ஏசிபி நெறிமுறையோடு அமைகிறது. போர்ட்டுகளைத் தனித்தனியாகவே விட்டு, ஒவ்வொன்றின் வழியாகவும் சேமிப்பகத்துக்குத் தனி அமர்வு ஏற்படுத்தி, ஒரே வட்டுக்குப் பல வழிகள் இருப்பதை இயங்குதளமே கையாளும்படி விடுவது மல்ட்டிபாத். வலைப்பின்னல் வழியே வெறும் வட்டையே தரும் ஐஸ்கஸி போன்ற பிளாக் சேமிப்பகத்துக்கு மல்ட்டிபாத்தும், கோப்புகளாகத் தரும் என்எஃப்எஸ் போன்ற கோப்புச் சேமிப்பகத்துக்குப் பெரும்பாலும் பாண்டிங்கும் பொருந்தும் என்பது என் முடிவு. எந்த அடுக்கு எந்தப் பழுதைக் காண முடியும் என்பதே இதற்கு அடிப்படைக் காரணம்.

முதலில் வேகத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 10 ஜிகாபிட் போர்ட்டுகள் இரண்டைக் கட்டினால் 20 ஜிகாபிட் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு பரவலாக உண்டு. ஆனால் பாக்கெட்டுகளின் வரிசை குலையாதிருக்க, எல்ஏசிபி ஒரு டிசிபி இணைப்பின் பாக்கெட்டுகள் அனைத்தையும் ஒரே கேபிளில்தான் அனுப்புகிறது. எந்தக் கேபிள் என்பதை முகவரிகளையும், அமைப்பைப் பொறுத்து டிசிபி போர்ட் எண்களையும் கொண்டு கணக்கிடும் ஹாஷ் என்ற ஒரு சூத்திரம் தீர்மானிக்கிறது. ஒரு சர்வர் ஒரு சேமிப்பகத்தோடு ஒரே ஐஸ்கஸி அமர்வில் பேசினால், இரண்டாவது கேபிள் அந்த வேலைக்குப் பயன்படுவதே இல்லை. மல்ட்டிபாத்தில் அமர்வுகள் இரண்டு என்பதாலும், ஒவ்வொரு வாசிப்புக்கும் எழுத்துக்கும் பாதையை அந்த அடுக்கே தேர்ந்தெடுப்பதாலும், ஒரே வட்டுக்கான போக்குவரத்துகூட இரண்டு கேபிள்களிலும் பரவுகிறது.

வேகத்தைவிடப் பழுதை உணரும் திறனே முக்கியமானது. லினக்ஸ் பாண்டிங்கில் இணைப்பின் நிலையை 100 மில்லி விநாடிக்கு ஒரு முறை சோதிக்கும்படி அமைப்பது வழக்கம். கேபிள் கழன்றாலோ ஸ்விட்ச் அணைந்தாலோ மாற்றம் அநேகமாக உடனே நிகழ்ந்துவிடும். இந்த ஒரு வகைப் பழுதில் பாண்டிங் மல்ட்டிபாத்தைவிட வேகமானது. போர்ட்டின் இணைப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்போது தரவு மட்டும் போகாத பழுதுகள்தாம் கடினமானவை. எல்ஏசிபி இவற்றுள் சிலவற்றைக் கண்டுகொள்ளும்: விரைவு விகிதத்தில் விநாடிக்கு ஒரு செய்தி வந்து, 3 விநாடி மௌனத்தில் அந்தக் கேபிள் விலக்கப்படும், மெதுவான விகிதத்திலோ 30 விநாடிக்கு ஒரு செய்தி, 90 விநாடி காத்திருப்பு. லினக்ஸில் மெதுவான விகிதமே இயல்பாக இருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஆயினும் விரைவு விகிதத்தில்கூட எல்ஏசிபி அறிவது சர்வருக்கும் அடுத்த ஸ்விட்ச்சுக்கும் இடைப்பட்ட கேபிளை மட்டுமே. ஸ்விட்ச்சுக்கு அப்பால் சேமிப்பகம் செல்லும் இணைப்பு அறுந்தாலும், ஒரு போர்ட்டிலிருந்து விஎல்ஏஎன் (ஸ்விட்ச்சுக்குள் பிரிக்கப்பட்ட தனி வலைப்பின்னல்) தவறுதலாக நீக்கப்பட்டாலும், எல்ஏசிபி செய்திகள் தடையின்றி வந்துகொண்டிருக்கும். அந்தக் கேபிளுக்கு ஹாஷ் ஒதுக்கிய போக்குவரத்து முழுவதும் காணாமல் போய்க்கொண்டிருக்கும்.

மல்ட்டிபாத் கேள்வியைச் சேமிப்பகத்திடமே கேட்கிறது. ஒவ்வொரு பாதையின் வழியாகவும் குறித்த இடைவெளியில் வட்டுக்கு ஒரு சிறு கட்டளை போய், அதற்கு விடை வரவேண்டும். நடுவில் எந்தக் கண்ணி அறுந்தாலும் விடை வராது. அந்தப் பாதை ஒதுக்கப்பட்டு, நிலுவையில் இருந்த வேலைகள் மற்றொரு பாதையில் மீண்டும் அனுப்பப்படும். இதற்கும் ஒரு குறை உண்டு: சோதனைக் கட்டளை மிகச் சிறியது. வழியில் ஒரு ஸ்விட்ச்சில் ஜம்போ ஃபிரேம் (வழக்கத்தைவிடப் பெரிய பாக்கெட்) அமைப்பு விடுபட்டிருந்தால், சோதனை வெற்றிபெறும், பெரிய அளவில் தரவு எழுதுவது மட்டும் தேங்கும். பாதை விழுவதும் எழுவதுமாக இருக்கும். எனவே பாக்கெட்டின் உச்ச அளவான எம்டியுவை 9000 என்று வைப்பவர்கள், துண்டாக்கத்தைத் தடுத்து 8972 பைட் பிங் (சோதனைப் பாக்கெட்) ஒன்றை ஒவ்வொரு பாதையிலும் அனுப்பிப் பார்த்த பிறகே வட்டை இணைக்க வேண்டும்.

ஸ்விட்ச்சுகளின் நிலையிலும் வேறுபாடு பெரிது. எல்ஏசிபி இணைப்பை இரண்டு ஸ்விட்ச்சுகளில் பிரித்துப் போட வேண்டுமானால், அவை ஸ்டேக்காகவோ (ஒரே கட்டுப்பாட்டின்கீழ்) எம்எல்ஏஜியாகவோ (தனிக் கட்டுப்பாட்டோடு இணைந்து) சேர்ந்து தம்மை ஒரே ஸ்விட்ச்சாகக் காட்டிக்கொள்ள வேண்டும். அப்படிச் சேர்ந்தவை மென்பொருள் பிழைகளையும் பகிர்ந்துகொள்கின்றன. ஸ்டேக்கின் ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கையில் இரண்டும் ஒன்றாக மறுதொடக்கம் ஆகும் அமைப்புகளும் உண்டு. மல்ட்டிபாத்தில் இரண்டு ஸ்விட்ச்சுகளுக்கும் ஒன்றையொன்று தெரிய வேண்டிய தேவையே இல்லை. சேமிப்பகத்துக்கென்றே உள்ள தனி வலைப்பின்னலான ஃபைபர் சேனல் உலகம் நெடுங்காலமாகப் பின்பற்றும் ஒழுங்கு இதுதான்: ஏ, பி என இரண்டு ஃபேப்ரிக்குகள் (ஸ்விட்ச் வலைகள்), இடையே ஒரு கேபிள்கூடக் கிடையாது, ஒன்றில் செய்யும் அமைப்புப் பிழை மற்றதைத் தொடாது. தனி அட்டைகளும் தனி ஸ்விட்ச்சுகளும் வாங்க இயன்றவர்களுக்கு ஃபைபர் சேனல் இன்றும் நல்ல தேர்வே. இயலாதவர்கள் அந்த ஒழுங்கையாவது ஈதர்நெட்டுக்குக் கொண்டுவர வேண்டும்.

மல்ட்டிபாத்துக்குக் கேட்கும் உழைப்பு கூடுதல் என்பதை மறுப்பதற்கில்லை. இரண்டு போர்ட்டுகளும் ஒரே சப்நெட்டில் (ஐபி முகவரித் தொகுதியில்) இருந்தால், லினக்ஸ் தன் இயல்பான ஏஆர்பி (ஐபி முகவரி எந்தப் போர்ட்டுக்குரியது என்று கேட்டறியும் முறை) நடத்தையின்படி ஒரு போர்ட்டின் முகவரிக்கு மற்றொரு போர்ட்டிலிருந்து விடையளிக்கக்கூடும்; பாதைகள் இரண்டாகத் தெரிந்தாலும் போக்குவரத்து ஒரே கேபிளில் ஓடும். பாதைக்கு ஒரு சப்நெட் என்று பிரிப்பது இதற்கு எளிய தீர்வு. அடுத்தது நேர அளவுகள். லினக்ஸின் ஐஸ்கஸி மென்பொருளான ஓப்பன் ஐஸ்கஸியில், அறுந்த அமர்வு மீளும் என்று காத்திருக்கும் நேரம் இயல்பாக 120 விநாடி. பாதை ஒன்றே இருக்கும் இடத்துக்குத்தான் அது நியாயமானது. மல்ட்டிபாத்தின்கீழ் அதை 5 முதல் 15 விநாடிக்குள் குறைக்காவிட்டால், நல்ல பாதை பக்கத்திலேயே இருக்கும்போது தரவுத்தளம் இரண்டு நிமிடம் உறைந்து நிற்கும். எல்லாப் பாதைகளும் போனால் காத்திருப்பதா, பிழையைத் திருப்பி அனுப்புவதா என்பதையும் முன்கூட்டியே முடிவுசெய்ய வேண்டும். கிளஸ்டரில் (ஒன்றுக்கொன்று மாற்றாக நிற்கும் சர்வர் குழுவில்) உள்ள சர்வர் முடிவின்றிக் காத்திருந்தால், வேலையை மற்றொரு சர்வருக்கு மாற்றுவதும் தாமதமாகும்.

இரண்டையும் கலந்து, பாண்டிங்கின் மேல் ஐஸ்கஸி மல்ட்டிபாத்தை அமைப்பவர்களும் இருக்கிறார்கள். பாதுகாப்பு இரட்டிப்பாவதுபோலத் தோன்றினாலும், இரண்டு அமர்வுகளையும் ஹாஷ் ஒரே கேபிளில் போட்டுவிடலாம். மல்ட்டிபாத் கணக்கில் உள்ள இரண்டு பாதைகள் உண்மையில் இரண்டல்ல என்ற நிலை உருவாகிறது. விஎம்வேரின் ஐஸ்கஸி போர்ட் பைண்டிங், ஒவ்வொரு விஎம்கெர்னல் போர்ட்டுக்கும் (சேமிப்பகத்தோடு பேசும் மெய்நிகர் போர்ட்) செயலில் உள்ள ஒரே அப்லிங்க் (வெளியே செல்லும் உண்மையான போர்ட்) மட்டும் இருக்க வேண்டும் என்று கேட்பது இந்தத் தெளிவுக்காகவே.

கோப்புச் சேமிப்பகத்தில் நிலைமை வேறு. என்எஃப்எஸ் 3 மவுன்ட் (சர்வரில் இணைக்கப்பட்ட கோப்புச் சேமிப்பகம்) ஒரே முகவரியோடு பேசுகிறது. அதற்கு மேலே பாதைகளை மாற்றித் தரும் அடுக்கு இல்லை. ஆகவே அங்கே எல்ஏசிபி, அதுவும் விரைவு விகிதத்தோடு, சரியான தேர்வு. 2019-இல் வந்த லினக்ஸ் 5.3 முதல் என்கனெக்ட் விருப்பத்தால் ஒரு மவுன்ட்டுக்கு 16 டிசிபி இணைப்புகள் வரை திறக்கலாம். ஹாஷ் டிசிபி போர்ட் எண்களையும் கணக்கில் எடுத்தால் அவை இரண்டு கேபிள்களிலும் பரவ வாய்ப்புண்டு. விண்டோஸ் சர்வர் 2012-இல், விண்டோஸின் கோப்புப் பகிர்வு நெறிமுறையான எஸ்எம்பி 3-உடன் வந்த மல்ட்டிசேனல், போர்ட்டுகளைக் கட்டாமலேயே பல வழிகளைத் தானாகப் பயன்படுத்தும். அங்கே டீமிங் (விண்டோஸில் பாண்டிங்கின் பெயர்) தேவையில்லை.

புதிதாகத் தொடங்குபவர்கள், ஐஸ்கஸி போலவே ஈதர்நெட் வழியே வட்டைத் தரும் என்விஎம்இ-டிசிபியையும் பார்க்கலாம். லினக்ஸில் அதன் மல்ட்டிபாத் கெர்னலுக்குள்ளேயே அமைந்திருப்பதால் தனிச் சேவை வேண்டியதில்லை. ஆனால் இயல்பான பாதைத் தேர்வு முறை, சிபியு கணுவுக்கு ஏற்பப் பாதை ஒதுக்கும் நியூமா என்பதால், ஒரு சிபியு கணுவின் வேலை ஒரே பாதையில் ஓடும். இரண்டையும் பயன்படுத்த, பாதைகளை மாறி மாறி எடுக்கும் ரவுண்ட் ராபின் போன்ற முறைக்கு மாற்ற வேண்டும்.

எந்த முறையை எடுத்தாலும், கேபிளைப் பிடுங்கிப் பார்ப்பதோடு சோதனையை முடித்துவிடக் கூடாது. அதில் இரண்டு முறைகளும் தேறிவிடும். வட்டில் தொடர்ந்து தரவு எழுதப்படும்போது, ஸ்விட்ச்சில் சேமிப்பகம் இருக்கும் பக்கத்துப் போர்ட்டிலிருந்து விஎல்ஏஎன்னை நீக்க வேண்டும். பிறகு சேமிப்பகத்தின் கட்டுப்பாட்டகம் ஒன்றை மறுதொடக்கம் செய்ய வேண்டும். எழுதுவது எத்தனை விநாடி நின்றது, அது பயன்பாட்டு மென்பொருள் காத்திருக்கும் உச்ச நேரத்துக்கு (டைம்அவுட்) உட்பட்டதா, பழுது நீங்கிய பின் பழைய பாதை தானாகத் திரும்பியதா ஆகிய மூன்றையும் குறித்துவைத்து, ஒவ்வொரு ஃபர்ம்வேர் புதுப்பிப்புக்குப் பின்னும் அதே சோதனையைத் திரும்பச் செய்து ஒப்பிட வேண்டும்.