சாண்டோரினியில் ஒரு நாள்: டூரா, பஸ்ஸா, வாடகைக் காரா?

கிரேக்கத் தீவான சாண்டோரினியில் மூன்று நாள் இருந்துவிட்டு வந்ததிலிருந்து, அடுத்துப் போகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: வழிகாட்டியோடு போகும் ஒரு நாள் டூரில் சேரலாமா, இல்லை நாமே சுற்றிக்கொள்ளலாமா? என் ஓட்டு டூருக்கு. ஆனால் டூர் என்று பெயர் போட்டு விற்கிற எல்லாவற்றுக்கும் இல்லை. எந்த டூர் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

போனது நான், என் மனைவி, அம்மா என மூன்று பேர். அம்மாவுக்கு எழுபது வயது. முழங்கால் வலி உண்டு, ஆர்வத்துக்குக் குறைவில்லை. அக்டோபர் முதல் வாரம். தங்கியது தென்கிழக்குக் கரையில் இருக்கும் பெரிசாவில். கருமணல் கடற்கரை, வாடகை மலிவு. போட்டோக்களில் பார்க்கும் வெள்ளைச் சுவர் நீலக் குவிமாடம் எல்லாம் வடக்கு முனையில் இருக்கிற ஊரில். நம்மவர்கள் அதை ‘ஓயா’ என்கிறார்கள். அங்கே பஸ் கண்டக்டர் ‘ஈயா, ஈயா’ என்றுதான் கத்துகிறார்.

வாடகைக் காரை முதலில் முடித்துவிடுகிறேன். அதில் எனக்கு நேரடி அனுபவம் கிடையாது. தீவு மொத்தமே சுமார் 76 சதுர கிலோமீட்டர்தான்; தூரம் ஒரு பிரச்சினையே இல்லை. சின்ன கார் ஒன்று அந்த சீசனில் நாளுக்கு 50 யூரோ என்று தெரு முனையில் எழுதிப் போட்டிருந்தார்கள். மூன்று பேருக்குப் பிரித்தால் டூரைவிட எவ்வளவோ மலிவு. ஆனால் அங்கே வண்டி வலது பக்கம் ஓட வேண்டும். நம் ஊர் உரிமத்தோடு ஆர்.டி.ஓ.வில் வாங்கிய சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்க வேண்டும். நான் அதை வாங்கிக்கொண்டு போகவில்லை, கதை அங்கேயே முடிந்தது. முந்தின வருடம் காரில் சுற்றிய என் மச்சான், சாயங்காலம் ஈயாவில் வண்டி நிறுத்த இடம் தேடியே முக்கால் மணி நேரம் போனதாகச் சொன்னார். நான்கு சக்கர பைக்குகளையும் நிறையப் பேர் எடுக்கிறார்கள். அவற்றை நான் தொட்டதே இல்லை. செங்குத்துப் பாறையை ஒட்டிப் போகும் வளைவுகளில் அவை தடதடவென்று நம்மைத் தாண்டிப் போவதை பஸ் ஜன்னலிலிருந்து பார்த்ததோடு சரி.

அடுத்து பஸ். முதல் நாள் மதியம் வந்து இறங்கியதும் அம்மாவை அறையில் படுக்கவைத்துவிட்டு, நானும் மனைவியும் பஸ் ஏறினோம். ஒரு தடவைக்கு இரண்டு யூரோ சுமாருக்கு டிக்கெட். கண்டக்டரிடம் காசாகக் கொடுக்க வேண்டியிருந்தது. பஸ் சுத்தமாக இருக்கிறது, நேரத்துக்கும் கிளம்புகிறது. சிக்கல் வழித்தடத்தில். ஏறக்குறைய எல்லா பஸ்ஸும் நடுவிலுள்ள தலைநகர் ஃபிராவிலிருந்துதான் கிளம்புகிறது. பெரிசாவும், தொல்லியல் தளம் இருக்கும் அக்ரோதிரியும் தெற்கே பக்கத்துப் பக்கத்தில் இருப்பதாக வரைபடத்தில் தெரியும். பஸ்ஸில் போவதென்றால் ஃபிரா வரை வடக்கே ஏறி, வண்டி மாறி, மறுபடி தெற்கே இறங்க வேண்டும். அப்படித்தான் அக்ரோதிரிக்குப் போனோம். திரும்பும்போது ஒரு பஸ்ஸைக் கண்ணெதிரே தவறவிட்டு, அடுத்ததற்காக வெயிலில் காத்து நின்றோம். அம்மா வந்திருந்தால் அந்தத் திண்டில் உட்கார்ந்து என்னை ஒரு பார்வை பார்த்திருப்பார்.

அந்த அலைச்சலைக்கூட மன்னித்துவிடலாம். உறுத்தியது வேறு.

அக்ரோதிரி என்பது எரிமலைச் சாம்பலில் புதைந்த வெண்கலக் கால ஊர். கிறிஸ்துவுக்கு முன் 1600 வாக்கில் இந்தத் தீவின் எரிமலை வெடித்தது. நடுவே கடல் புகுந்து, தீவு இன்றைய பிறை வடிவத்துக்கு வந்தது. ஸ்பிரிடன் மரினாடோஸ் என்ற தொல்லியலாளர் 1967இல் அங்கே தோண்ட ஆரம்பித்தார். இன்று அந்த ஊர் பெரிய கூரை ஒன்றின் கீழ் இருக்கிறது. 2005இல் அப்போதைய கூரையின் ஒரு பகுதி இடிந்து ஒருவர் இறந்துபோக, மூடிய இடத்தை 2012இல்தான் மறுபடி திறந்தார்கள். இதையெல்லாம் நான் போகும் முன்பே படித்திருந்தேன். உள்ளே போனால் பழுப்பு நிறத்தில் சுவர்கள், ஜாடிகள், முட்டுக்கொடுத்த கம்பிகள். பலகை நடைபாதையில் ஒரு சுற்று வந்தோம். புகழ்பெற்ற சுவரோவியம் ஒன்றுகூட அங்கே இல்லை; எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இருபத்தைந்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம். “கட்டி முடிக்காத அபார்ட்மெண்ட் மாதிரி இருக்கு” என்றாள் மனைவி. எனக்கும் மறுத்துச் சொல்ல ஒன்றும் தோன்றவில்லை.

அன்று இரவு, அம்மாவை பஸ்ஸில் இழுத்தடிக்க முடியாது என்பதற்காக மட்டுமே மறுநாளுக்கு டூர் தேடினோம். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். கிரேக்கத்தில் தொல்லியல் தளங்களுக்குள்ளும் அருங்காட்சியகங்களுக்குள்ளும் நின்று விளக்கிச் சொல்ல, அதற்கென்று படித்து உரிமம் வாங்கிய வழிகாட்டிகளுக்குத்தான் சட்டப்படி அனுமதி. வேன் டூர்கள் பலவற்றில் நம்மோடு வருவது ஓட்டுநர் மட்டும்தான். வழியெல்லாம் கலகலப்பாகப் பேசுவார், நல்ல மனிதராகவும் இருப்பார். ஆனால் அக்ரோதிரி வாசலில் வண்டியை நிறுத்தி, ஒரு மணி நேரத்தில் வந்துவிடுங்கள் என்று சொல்லி நம்மை உள்ளே அனுப்பிவிட்டு, அவர் காபி குடிக்கப் போய்விடுவார். விளம்பரத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். இரண்டிலும் ‘வழிகாட்டியுடன்’ என்றே போட்டிருப்பார்கள். எங்களுக்குக் கிடைத்ததில் ‘உரிமம் பெற்ற வழிகாட்டி தளத்துக்குள் உடன் வருவார்’ என்று ஒரு வரி இருந்தது. ஆளுக்கு 85 யூரோ. நுழைவுச் சீட்டு தனி. நானும் மனைவியும் அக்ரோதிரிக்கு இரண்டாவது முறையாகச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது. கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான்.

மறுநாள் காலை அதே கூரையின் கீழ், அதே பலகை நடைபாதை. ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி வழிகாட்டியாக வந்தார். சட்டையில் அடையாள அட்டை குத்தியிருந்தார். எங்களைச் சேர்த்து எட்டுப் பேர். முதல் வேலையாக எங்களை ஒரு குப்பைக் குவியல் முன்னால் நிறுத்தினார். முந்தின நாள் நான் திரும்பிக்கூடப் பார்க்காத குவியல். இது எரிமலை கொட்டியது இல்லை, இந்த ஊர் மக்கள் தங்கள் கையால் குவித்தது என்றார். வெடிப்புக்கு முன்னால் பெரிய நிலநடுக்கம் வந்திருக்கிறது. மக்கள் இடிந்த கற்களை அள்ளி ஓரமாகக் குவித்து, வீடுகளைச் சரிசெய்ய ஆரம்பித்திருக்கிறார்கள். அந்த வேலை முடியவில்லை. மரச் சாமான்கள் மக்கிப்போனாலும், இறுகிய சாம்பலுக்குள் அவை இருந்த இடம் வெற்றிடமாக நின்றது. அதில் சாந்தை ஊற்றி அச்செடுத்ததில் கட்டில்கள் கிடைத்தன. இந்த ஊரில் சாம்பலுக்கடியில் மனித உடல்கள் கிடைக்கவில்லை. எரிமலையில் புதைந்த இத்தாலிய ஊரான பொம்பேய் மாதிரி இல்லை. ஆபத்தை உணர்ந்து மக்கள் முன்பே கிளம்பிவிட்டார்கள் என்பதுதான் விளக்கம்.

அப்புறம் மேற்கு வீடு என்று அழைக்கப்படும் வீட்டின் பக்கம் கூட்டிப்போனார். அதன் மாடியில் கழிப்பறை. சுவருக்குள் சுட்ட மண் குழாய் இறங்கி, தெருக் கற்களுக்குக் கீழே ஓடும் சாக்கடையில் சேர்கிறது. மூவாயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய ஏற்பாடு. அம்மா குனிந்து அந்தக் கல் தெருவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “எங்க வீட்டுல 1985லதான்டா கக்கூஸ் கட்டினாங்க” என்றார். நான் மொழிபெயர்த்துச் சொல்ல, வழிகாட்டி தன் பாட்டி வீட்டிலும் கிட்டத்தட்ட அப்போதுதான் என்றார். அதிலிருந்து இரண்டு பேரும் சிநேகிதிகள்.

ஜாடிகளைக் காட்டி, எதில் என்ன இருந்தது என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு வகைப் பருப்பு அங்கே கருகிய நிலையில் கிடைத்திருக்கிறது. அதே பருப்பு இன்றும் இந்தத் தீவில் விளைகிறது, மதியம் சாப்பிடப்போகிறீர்கள் என்றார். அதன் பெயர் ஃபாவா. மதியம் பிர்கோஸ் ஊர்ச் சத்திரத்தில் அது தட்டில் வந்தது: மஞ்சளாக, குழையக் கடைந்து, மேலே வெங்காயமும் ஆலிவ் எண்ணெயும். அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு, “பருப்புக் கடைசல். தாளிக்க மறந்துட்டாங்க” என்று தீர்ப்புச் சொன்னார். ஆனால் தட்டைக் காலி செய்துவிட்டார். பதினைந்து நாள் பயணத்தில் அம்மா இரண்டாம் முறை கேட்டு வாங்கிய ஒரே கிரேக்கச் சாப்பாடு அது.

அக்ரோதிரியில் அன்று ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இருந்தோம். முந்தின நாள் பார்த்த அதே சுவர்கள்தான், புதிதாக ஒன்றையும் திறந்து காட்டவில்லை. காசுக்கு மதிப்பு எங்கே என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். ஈயாவின் அழகை யாரும் விளக்க வேண்டியதில்லை, கண் இருந்தால் போதும். செம்மண் கடற்கரைக்கும் அப்படித்தான். பாறை சரியும் என்று எச்சரிக்கைப் பலகை இருக்கிறது, தள்ளி நின்று பார்த்துவிட்டு வரலாம். தீவின் உச்சியான ப்ரோஃபிடிஸ் இலியாஸ், 567 மீட்டர், அங்கே வேன் மேலே வரை ஏறியது. பஸ் பிர்கோஸோடு நின்றுவிடும், மீதியை நடக்க வேண்டும். அந்த வகையில் டூர் சௌகரியம். ஆனால் சௌகரியத்தைக் காரும் தரும். அக்ரோதிரியை அந்த அம்மாள் திறந்து காட்டிய மாதிரி கார் காட்டாது. சீட்டு வாங்கும் இடத்தில் செல்போனில் கேட்கும் ஒலி வழிகாட்டியை வைத்துக்கொள்ளலாமே என்று என் மச்சான் சொல்கிறார். இருக்கலாம். நான் முயன்று பார்க்கவில்லை. ஆனால் அம்மா அதனிடம் கக்கூஸ் கதை பேசியிருக்க முடியாது.

டூரின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் நிறுவனம் ஒயின் தயாரிக்கும் இடத்தில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் உட்காரவைத்தது; நாங்கள் மூன்று பேரும் குடிப்பதில்லை. வேண்டாம், அந்த நேரத்தை ஈயாவில் கொடுங்கள் என்றால், நிரலில் இருக்கிறது, மாற்ற முடியாது என்றார்கள். நல்லவேளை, வெளியே திராட்சைத் தோட்டம் இருந்தது. அங்கே பந்தல் கிடையாது. பலமான கடற்காற்றுக்குத் தாக்குப்பிடிக்கக் கொடியைத் தரையோடு சுற்றிச் சுற்றிக் கூடை மாதிரி முடைந்துவிடுகிறார்கள். பழம் கூடைக்குள் காய்க்கிறது. மழை மிகக் குறைவு. இரவில் கடலிலிருந்து வரும் ஈரப் பனிதான் கொடிக்குப் பெரிய ஆதாரம். அறுவடை முடிந்து கூடைகள் வெறுமையாக இருந்தன. அம்மா ஒன்றைக் குனிந்து தொட்டுப் பார்த்து, கோழி அடைக்கப் பொருத்தமாக இருக்கும் என்றார்.

அந்த ஒரு மணி நேரத்துக்கு ஈயாவில் விலை கொடுத்தோம். அங்கே எங்களுக்குக் கிடைத்தது ஐம்பது நிமிடம். சந்துகள் எல்லாம் படிக்கட்டு, அம்மாவுக்கு அதில் பாதி நேரம் உட்கார்வதற்கே போனது. சூரிய அஸ்தமனத்துக்கு முன்பே கிளப்பிவிட்டார்கள். அஸ்தமனம்தான் வேண்டும் என்றால் அதற்கென்று மாலையில் கிளம்பும் டூர் பார்க்க வேண்டும். இல்லையென்றால் பஸ்ஸில் போய், இருட்டிய பிறகு ஊரே சேர்ந்து ஃபிரா பஸ்ஸுக்கு நிற்கும் வரிசையில் நாமும் நிற்க வேண்டும். சொகுசுக் கப்பல்களில் வருபவர்கள் காலையிலேயே ஈயாவை நிரப்பிவிடுகிறார்கள். 2025 முதல் நாளுக்கு 8,000 கப்பல் பயணிகள் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். பதினைந்தாயிரம் பேர் வாழும் தீவுக்கு அதுவே மலைப்பான எண்ணிக்கை. எங்கள் வழிகாட்டி அக்ரோதிரியைக் காலையிலும் ஈயாவைக் கடைசியிலும் வைத்தது இதற்காகத்தான்.

பெரிய கோச் டூர்களில் நான் போகவில்லை. விலை குறைவு, உரிமம் உள்ள வழிகாட்டியும் பெரும்பாலும் இருப்பார் என்று ஹோட்டல்காரர் சொன்னார். நாற்பது பேரில் ஒருவராக அந்தக் குப்பைக் குவியல் முன்னால் நின்றால் என்ன காதில் விழும் என்பது என் சந்தேகம். ஜூலை, ஆகஸ்டில் போகிறவர்கள் நான் சொன்ன நேரக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பதிவு செய்யும் முன் இரண்டு கேள்வி எழுதிக் கேளுங்கள்: அக்ரோதிரிக்குள் எங்களோடு நடந்து வருவது யார்? ஈயாவில் எத்தனை நிமிடம்? முதல் கேள்விக்கு மழுப்பலாகப் பதில் வந்தால் அந்த டூரை விட்டுவிட்டு பஸ்ஸிலேயே போய்விடலாம், காசாவது மிஞ்சும்.

மூன்றாம் நாள் நாங்களும் பஸ்தான். பெரிசாவிலிருந்து ஃபிராவுக்கு ஒரே வண்டி, மாறும் தொல்லை இல்லை. பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலேயே வரலாற்றுக்கு முந்தைய தேராவின் அருங்காட்சியகம் இருக்கிறது; தேரா என்பது இந்தத் தீவின் பழைய பெயர். அக்ரோதிரியிலிருந்து எடுத்த ஓவியங்களில் சில ஏதென்ஸில் இருக்கின்றன, சில இங்கே. நீலக் குரங்குகள் பாறையில் தாவும் சுவர் முன்னால் நானும் மனைவியும் நின்றுவிட்டோம். திரும்பிப் பார்த்தால் அம்மாவைக் காணோம். வேறொரு கண்ணாடிப் பெட்டி முன்னால் இருந்தார். உள்ளே உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஒரு தங்க ஆடு. 1999இல் அக்ரோதிரியில் பெட்டிக்குள் பத்திரமாக வைத்தபடி கிடைத்தது. முந்தின நாள் அது இருந்த வீட்டின் மூலையை வழிகாட்டி கை நீட்டிக் காட்டியிருந்தார். எனக்கு மறந்தே போயிருந்தது.

“அந்தப் பொண்ணு சொன்ன ஆடு இதுதானேடா?” என்றார் அம்மா. “எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு ஓடினவங்க இதை எப்படி விட்டாங்க?”