அமெரிக்காவில் பைபிள் ஆட்சி: எதைக் கண்டு அஞ்சுவது?

அமெரிக்காவில் பைபிள் ஆட்சி வரும் என்ற பேச்சு வெறும் பூச்சாண்டியா, உண்மை ஆபத்தா என்று குழம்புபவர்கள் இரண்டு இயக்கங்களை ஒன்றாகப் போட்டுப் பார்க்கிறார்கள். பிரித்துப் பார்ப்போம்.

நோக்கம்
அமெரிக்க இறையியலாளர் ரஷ்டூனியின் மறுகட்டமைப்பு இயக்கம்: பழைய ஏற்பாடே நாட்டுச் சட்டம்; விபசாரத்துக்கும் மரண தண்டனை.
ஏழு மலைக் கொள்கை: குடும்பம், மதம், கல்வி, ஊடகம், கலை, வணிகம், அரசு ஆகிய ஏழு துறைகளே ‘மலைகள்’; ஏழிலும் கிறிஸ்தவத் தலைமை.

ஆள்பலம்
முன்னது: 1965-ல் ரஷ்டூனி தொடங்கிய கால்சிடன் அறக்கட்டளையைச் சுற்றிய சிறு வட்டம்.
பின்னது: பரிசுத்த ஆவியின் வரங்களை வலியுறுத்தும் கரிஸ்மாட்டிக் சபைகள் வழியே பரவியது.

அதிகாரம்
முன்னது: வீட்டுவழிக் கல்வியில் செல்வாக்கு உண்டு; தேர்தலில் எடுபடாது.
பின்னது: என் கவலை இங்கேதான். 2024 பிப்ரவரியில் அலபாமா உச்ச நீதிமன்றம் செயற்கைக் கருத்தரிப்புக்காக உறையவைத்த கருக்களும் சட்டப்படி குழந்தைகளே என்றது. தலைமை நீதிபதி டாம் பார்க்கர் தன் தனிக் கருத்துரையில் வேதவசனங்களை எடுத்துக்காட்டினார். ஏழு மலைகளைப் பற்றி ஒரு நேர்காணலில் ஆதரவாகப் பேசியவர் அவர். வழக்குக்கு அஞ்சிச் சில மருத்துவமனைகள் செயற்கைக் கருத்தரிப்பு சிகிச்சையை நிறுத்தின. குழந்தைக்காக ஏங்கிய தம்பதியர் தவித்துப்போனார்கள். மார்ச்சில் மாநிலச் சட்டமன்றம் இந்தச் சிகிச்சை தருவோருக்குப் பாதுகாப்புச் சட்டம் இயற்றவேண்டியதாயிற்று.

கருத்தின் வேரைத் தேடுபவர்கள் ரஷ்டூனியைப் படியுங்கள். அமெரிக்காவில் வாக்குரிமை உள்ளவர்கள் மாநில நீதிபதி, பள்ளி வாரியத் தேர்தல்களைத் தவறவிடாதீர்கள்; ஏழு மலைக்காரர்கள் ஏறும் படிகள் அவைதான்.