டுடூ எம்விசியா, ஜேஎஸ் ஃபிரேம்வொர்க் பெஞ்ச்மார்க்கா?

ரியாக்ட், வியூ, ஸ்வெல்ட் போன்ற, இணையப் பக்க இடைமுகம் கட்டும் ஜாவாஸ்கிரிப்ட் (ஜேஎஸ்) நூலகங்களை ஒப்பிட இரண்டுமே உதவும். டுடூ எம்விசியில் எல்லா நூலகத்திலும் ஒரே பணிப்பட்டியல் செயலி. சேர்ப்பது, திருத்துவது, வடிகட்டுவது சரியாக நடக்கிறதா என்று பொதுச் சோதனைகள் பார்க்கும்.

ஜேஎஸ் ஃபிரேம்வொர்க் பெஞ்ச்மார்க் வேகத்தையும் நினைவகத்தையும் அளக்கும்: 1,000 வரிசைகளை உருவாக்குவது, பத்துக்கு ஒன்றைப் புதுப்பிப்பது, இரண்டை இடம் மாற்றுவது. கீ (ஒவ்வொரு வரிசையையும் அதன் தரவோடு பிணைக்கும் அடையாளம்) உள்ள நிரல்களையும் கீ இல்லாதவற்றையும் அது தனித்தனியாகப் பட்டியலிடுவது எனக்கு மிகவும் பிடிக்கும். கீ இல்லாதபோது பழைய டாம் உறுப்பிலேயே (பக்கத்தில் ஏற்கெனவே இருக்கும் வரிசையிலேயே) புதுத் தரவை ஏற்றிவிடலாம், வேலை குறைவு. இரண்டையும் ஒன்றாக ஓடவிடுவது அநியாயம்.

பெரிய அட்டவணைகள் கொண்ட செயலி என்றால் பெஞ்ச்மார்க்கைப் பாருங்கள். மற்றபடி டுடூ எம்விசி நிரல்களைத் திறந்து வாசியுங்கள். நாளை நீங்கள் பராமரிக்கப்போவது அந்த மாதிரி நிரலைத்தான்.