51 துண்டு பின்னப் பட்டை செட்: எதைப் பார்த்து வாங்குவது?

ஃப்ராக்‌ஷன் டைல்ஸ் என்று தேடினால் அதிகம் கண்ணில் படுவது 51 துண்டு பிளாஸ்டிக் செட். முழுப் பட்டை ஒன்று. அதே நீளத்தை 2, 3, 4, 5, 6, 8, 10, 12 சம பாகங்களாக வெட்டிய துண்டுகள். வகைக்கு ஒரு நிறம். சமான பின்னத்தை மனப்பாடமாக மட்டும் போடுகிற ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தாராளமாக வாங்கலாம்.

வட்டத் துண்டு செட் வேண்டாம். அதில் 1/10 துண்டின் கோணம் 36 டிகிரி, 1/12-க்கு 30 டிகிரி. தனியாகக் கையில் எடுத்தால் பெரியவர்களே தடுமாறுவார்கள். பட்டையை அருகருகே வைத்தாலே தெரிந்துவிடும்.

பயன்படுத்தும் முறைதான் முக்கியம். 1/2 பட்டையை வைத்து, அதன் கீழே ஒரே நிறத் துண்டுகளால் சரியாக நிரப்பச் சொல்லுங்கள். 2/4, 3/6, 4/8, 5/10, 6/12 எல்லாம் பொருந்தும். மூன்றிலும் ஐந்திலும் பொருந்தாது. ஏன் என்று பிள்ளையே யோசிக்கட்டும். அடுத்து 2/3. ஒவ்வொரு 1/3-க்கும் கீழே இரண்டு 1/6 வைத்தால், எடுத்த துண்டு 2 என்பது 4 ஆகிறது, முழுமைக்கான துண்டு 3 என்பது 6 ஆகிறது. தொகுதி, பகுதி இரண்டையும் ஒரே எண்ணால் பெருக்குவதன் காரணம் அங்கேயே கிடக்கிறது. பெருக்குவதற்குப் பதிலாகக் கூட்டுவதுதான் வழக்கமான தவறு: 1/2-இல் மேலும் கீழும் 1 கூட்டி 2/3 என்பார்கள். இரண்டு பட்டையையும் பக்கத்தில் வையுங்கள், வாதமே தேவையில்லை.

குறைகளுக்கு வருவோம். துண்டுகளுக்கு நடுவே அரை மி.மீ. இடைவெளி விழுந்தால்கூட, பன்னிரண்டு துண்டு வரிசை முழுப் பட்டையைத் தாண்டி 5 மி.மீ.க்கு மேல் நீட்டிக்கொண்டு நிற்கும். 12/12 ஒன்றைவிடப் பெரியதா என்று கேட்பது பிள்ளையின் தப்பில்லை. இன்னும் வில்லங்கம் 7/12-ம் 3/5-ம். முழுப் பட்டை 24 செ.மீ. என்றால் இவற்றின் வித்தியாசம் வெறும் 4 மி.மீ.; இடைவெளி அதில் பாதியைத் தின்றுவிடும், சமம் போலவே தோன்றும். குறுக்குப் பெருக்கல் காட்டிக்கொடுக்கும்: 7 × 5 = 35, 3 × 12 = 36. அதனால் விளிம்புள்ள தட்டோடு வரும் செட்டாகப் பாருங்கள். தட்டு இல்லையென்றால் ஸ்கேலை ஓரத்தில் வைத்துத் துண்டுகளை நெருக்கித் தள்ள வேண்டும்.

தசமமும் சதவீதமும் அச்சிட்ட கட்டை வகை இந்த வயதுக்குத் தொந்தரவு. 1/3-இல் 33.3% என்று இருக்கும். மூன்றைக் கூட்டினால் 99.9.

பெரிய குறை, 1/7, 1/9 கிடையாது. 2/3 = 6/9 என்பதை இந்த செட்டில் காட்டவே முடியாது; பெட்டியில் இருப்பதோடு சமான பின்னங்கள் முடிந்துவிட்டதாகப் பிள்ளை நினைக்கும். பாடப்புத்தகத்தில் 6/9 வரும்போது விழிக்கும்.

காசு செலவழிக்க விருப்பமில்லையா? சார்ட் அட்டையில் 24 செ.மீ. பட்டைகள் வெட்டுங்கள். 1/2-க்கு 12, 1/3-க்கு 8, 1/4-க்கு 6, 1/6-க்கு 4, 1/8-க்கு 3, 1/12-க்கு 2 செ.மீ. ஐந்தில் ஒன்று மட்டும் 4.8, பத்தில் ஒன்று 2.4. ஒன்பதுக்குத் தனியாக 18 செ.மீ. முழுப் பட்டை: 1/3-க்கு 6, 1/9-க்கு 2 செ.மீ. இதை வேறு கவரில் போட்டு வையுங்கள். 24-இன் துண்டுகளோடு கலந்தால் 1/3 இரண்டு நீளத்தில் கிடக்கும்.