சன், சிலிக்கன் கிராஃபிக்ஸ், எச்பி ஒரே வலையில்: எந்த என்எஃப்எஸ்?

சன்னின் சொலாரிஸ், சிலிக்கன் கிராஃபிக்ஸின் ஐரிக்ஸ், எச்பியின் எச்பி-யூஎக்ஸ் மூன்றும் யூனிக்ஸ்தான். வலைவழியே கோப்புகளைப் பகிரும் என்எஃப்எஸ் என்ற புரோட்டோகாலை மூன்றும் பேசுபவைதான். ஆனாலும் ஒன்றின் டிஸ்க்கை இன்னொன்றில் மவுண்ட் செய்தால், அதாவது தன் டிஸ்க் போலவே இணைத்துக்கொண்டால், வினோதங்கள் தொடங்கும். பிங் போகிறது, மவுண்ட் ஆகிறது, சின்னக் கோப்பு திறக்கிறது; பெரிய டைரக்டரியைப் பட்டியலிடச் சொன்னால் மட்டும் திரை அப்படியே நின்றுவிடுகிறது. கன்சோலில் ‘சர்வர் பதில் தரவில்லை’ என்ற செய்தி.

நம் முன்னால் நான்கு வழிகள்: யூடிபி மேல் இரண்டாம் பதிப்பு, யூடிபி மேல் மூன்றாம் பதிப்பு, டிசிபி மேல் மூன்றாம் பதிப்பு, நான்காம் பதிப்பு. (யூடிபி, டிசிபி இரண்டும் தரவைச் சுமக்கும் புரோட்டோகால்கள்; தொலைந்ததை டிசிபி தானே மறுபடி அனுப்பும், யூடிபி அனுப்பாது.) எதையும் குறிப்பிடாமல் விட்டால் இயந்திரங்கள் தங்களுக்குள் பேசி ஒன்றை முடிவு செய்துகொள்ளும். அந்த முடிவு ஜோடிக்கு ஜோடி மாறும் என்பதுதான் பாதித் தலைவலி. பதிப்பையும் புரோட்டோகாலையும் மவுண்ட் வரியிலேயே எழுதிவிடுவது நல்லது.

அன்றாட ஓட்டத்துக்கு டிசிபி மேல் மூன்றாம் பதிப்பு. கோளாறைத் தேடும்போது மட்டும் யூடிபி மேல் இரண்டாம் பதிப்பு. என் கட்சி இதுதான்.

இரண்டாம் பதிப்பு கிழடுதான். ஒரு கோரிக்கையில் 8192 பைட்டுக்கு மேல் போகாது. 2 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு அதற்குத் தெரியாது. எழுதியது டிஸ்க்கில் இறங்கிய பிறகே சர்வர் பதில் சொல்ல வேண்டும் என்பது அதன் விதி. ஐரிக்ஸோ, எதையெல்லாம் பகிர்வது என்று எழுதும் எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் டபிள்யூசிங்க் என்று கேட்டாலொழிய, முன்கூட்டியே ‘ஆயிற்று’ என்று சொல்லிவிடும். ஆகவே இரண்டாம் பதிப்பில் சிலிக்கன் கிராஃபிக்ஸ் பறக்கிறது, சன் தவழ்கிறது என்று யாராவது சொன்னால் வலைக் கம்பியைச் சந்தேகிக்க வேண்டாம். ஒன்று விதியை மதிக்கிறது, மற்றது மதிக்கவில்லை.

ஆனால் இந்தக் கிழட்டுப் பதிப்பு எதையும் மறைக்காது. யூடிபியில் 8192 பைட்டுப் பதில் ஒன்று ஈதர்நெட்டில் ஆறு துண்டுகளாகப் போகிறது. ஒரு துண்டு தொலைந்தாலும் ஆறையும் மறுபடி அனுப்ப வேண்டும். சாதாரண பிங் ஒற்றைத் துண்டு என்பதால் அது மட்டும் ஜோராகப் போகும். பிங்கை 8192 பைட்டு அளவில் அனுப்பிப் பாருங்கள். ஒரு கோரிக்கையில் படிக்கும், எழுதும் அளவுகளான ஆர்சைஸ், டபிள்யூசைஸ் இரண்டையும் 1024 ஆக்கி மறுபடி மவுண்ட் செய்யுங்கள். அப்போது எல்லாம் சரியாகிவிட்டால் கோளாறு என்எஃப்எஸ்ஸில் இல்லை. பெரும்பாலும் ஸ்விட்ச் ஒரு டூப்ளெக்ஸிலும் வொர்க்ஸ்டேஷன் இன்னொரு டூப்ளெக்ஸிலும் இருக்கும்; அதாவது ஒன்று ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் செய்யும், மற்றது மாறி மாறித்தான் செய்யும்.

மூன்றாம் பதிப்பை யூடிபியில் ஓட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பழைய துண்டுச் சிக்கல் அப்படியே இருக்கிறது. கோரிக்கை அளவு 32768 ஆனால் துண்டுகள் 23 ஆகின்றன. நோய் பெருகுகிறது, மருந்து இல்லை.

டிசிபியில் தொலைந்த துண்டு மட்டுமே மறுபடி வருகிறது. அதனால்தான் அது ஓட்டத்துக்குச் சிறந்தது. அதே காரணத்தால் நோயறிதலுக்கு மோசம். டூப்ளெக்ஸ் பொருந்தாத வலையிலும் அது மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கும், யாரும் முறையிட மாட்டார்கள். எனவே முதலில் யூடிபியில் கம்பியைச் சோதித்துவிட்டு டிசிபிக்கு மாறுங்கள்.

டிசிபி தீர்க்காத வேறொரு சிக்கலும் மூன்றாம் பதிப்பில் உண்டு. டைரக்டரியில் எதுவரை படித்தோம் என்பதைக் குறிக்கும் ‘குக்கி’ இதில் 64 பிட். ஐரிக்ஸின் கோப்பு முறைமையான எக்ஸ்எஃப்எஸ் அந்த முழு அகலத்தையும் பயன்படுத்தும், சொலாரிஸ் 2.5 போன்ற 32 பிட் கிளையண்டுகள் (டிஸ்க்கை மவுண்ட் செய்யும் இயந்திரங்கள்) 32 பிட்டுக்கு மேற்பட்ட குக்கி வந்தால் பதிலையே ஏற்காது. விளைவு, பட்டியலிடும்போது பிழை வரும். இரண்டாம் பதிப்பில் குக்கியே 32 பிட்தான். அதில் பட்டியல் முழுமையாக வந்து மூன்றாம் பதிப்பில் வராவிட்டால் குற்றவாளி அகப்பட்டுவிட்டது. ஐரிக்ஸின் எக்ஸ்போர்ட்ஸ் வரியில் ‘32பிட்கிளையண்ட்ஸ்’ என்று சேர்த்தால் போதும்.

நான்காம் பதிப்பு பழைய கூட்டத்துக்குப் பொருந்தாது. ஐரிக்ஸில் அது இல்லவே இல்லை. 2049 என்ற ஒற்றை போர்ட் போதும், ஒரே கோப்பில் இருவர் ஒரே நேரத்தில் எழுதாமல் காக்கும் பூட்டுகளும் அதன் வழியே போகும் என்பது உண்மையிலேயே பெரிய வசதி. ஆனால் சொலாரிஸ் 10 கேட்காமலே அதைத்தான் தேர்ந்தெடுக்கும். உரிமையாளரை எண்ணாக அனுப்பாமல் பெயரும் டொமைனுமாக அனுப்பும். டொமைன் இரு பக்கமும் ஒன்றாக இல்லையென்றால் எல்லாக் கோப்புகளும் ‘நோபடி’ பெயரில் தெரியும். மூன்றாம் பதிப்பில் பயனரைக் குறிக்கும் யூஐடி எண்கள் ஒத்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

மூன்றாம் பதிப்பின் பலவீனம் பூட்டு. லாக்டி, ஸ்டாட்டி என்ற தனி டீமன்கள் (பின்னணியில் ஓடும் நிரல்கள்) அதைக் கவனிக்கின்றன. கோப்பு படிக்க வருகிறது, ஆனால் அஞ்சல் நிரல் மட்டும் தொங்குகிறது என்றால் ஆர்பிசிஇன்ஃபோ என்ற கட்டளை கொண்டு அவ்விரண்டும் இரு இயந்திரங்களிலும் உயிரோடு இருக்கின்றனவா என்று பாருங்கள். அப்படியும் வழிக்கு வராவிட்டால் சொலாரிஸில் எல்லாக், ஐரிக்ஸில் பிரைவேட் என்ற மவுண்ட் விருப்பங்கள் பூட்டை உள்ளூரிலேயே வைத்துக்கொள்ளும். ஒரே கோப்பில் இரண்டு இயந்திரங்கள் எழுதும் இடத்தில் மட்டும் அவற்றைத் தொடாதீர்கள்.