சுங்கை சிப்புட்டிலிருந்து சிங்கப்பூர்: பஸ்ஸா, விமானமா?

நம் சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்து நகரமான ஈப்போவிலிருந்து சிங்கப்பூருக்கு வான்வழியில் சுமார் 480 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். சாலையில் சுமார் 550, பஸ்ஸில் எட்டு ஒன்பது மணி நேரம். கேட்டதும் விமானம்தான் என்று தோன்றும். ஆனால் நம் ஊர்க்காரர் முதலில் ஈப்போ விமான நிலையம் போக வேண்டும், அங்கே இரண்டு மணி நேரம் முன்னதாக நிற்க வேண்டும், சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்கி வரிசை, அப்புறம் ரயில். கூட்டிப் பார்த்தால் ஐந்து மணி நேரம் ஓடிவிடும்.

பஸ்ஸில் ராத்திரி ஏறித் தூங்கலாம். தொல்லை மலேசியாவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் துவாஸ் பாலத்தில்தான். ஜொகூர் பக்கம் ஒருமுறை, பாலம் தாண்டி இன்னொரு முறை இறங்கிக் குடிநுழைவு வரிசையில் நிற்க வேண்டும். சிங்கப்பூர் பக்கம் பெட்டியையும் தூக்கிக்கொண்டுதான். விடியற்காலையில் போனால் வேலைக்குப் போகும் மோட்டார் சைக்கிள் கூட்டம் வேறு. பள்ளி விடுமுறை என்றால் கேட்கவே வேண்டாம்.

மலிவு விமானத்தில் கையோடு 7 அல்லது 10 கிலோதான். தீபாவளிக்கு மகள் வீட்டுக்கு முறுக்கு டின்னோடு போகிற அம்மாக்களுக்கு அது எந்த மூலைக்கு? அவர்களுக்கு பஸ்தான் சரி. முழங்கால் வலி உள்ளவர்கள் மட்டும் யோசிக்காமல் விமானத்தில் போகட்டும். எதில் போனாலும் சிங்கப்பூர் வருகை அட்டையை, போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்பிவிடுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது.