வாசலில் விழும் பேப்பரா, போனில் வரும் பேப்பரா?

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் எங்கள் வீட்டில் முதலில் நின்றது பேப்பர்தான். தொட்டால் கொரோனா ஒட்டிக்கொள்ளும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பி, ஏஜென்டுக்குப் போன் போட்டு நிறுத்தச் சொன்னவன் நான். அதன்பிறகு இரண்டு வருடம் இ-பேப்பர். 2022இல் மறுபடி வாசலில் பேப்பர் விழ ஆரம்பித்தது. இரண்டுக்கும் காசு கட்டிப் பார்த்துவிட்டேன். சொந்த ஊரில், அதுவும் தென்காசி மாதிரி ஊரில் குடியிருந்தால் என் ஓட்டு அச்சுப் பேப்பருக்குத்தான்.

இ-பேப்பரின் சௌகரியங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. விடியுமுன் வந்துவிடும், குற்றாலச் சாரலில் நனையாது, பரணில் சேராது, செலவும் குறைவு. வெறும் செய்திக்கு என்றால் இரண்டுமே வேண்டாம். காலையில் பேப்பரில் படிப்பதெல்லாம் முந்தின ராத்திரியே டிவியில் ஓடி ஓய்ந்தவை.

காசு விஷயத்தில் ஒரு பிரமையை உடைத்துவிடுகிறேன். பழைய பேப்பரைப் போட்டால் பாதிக் காசு திரும்பிவிடும் என்பாள் அம்மா. ஒரு மாதப் பேப்பரைக் கட்டித் தராசில் தூக்கிப் பார்த்தேன். இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். எங்கள் தெருவுக்கு வருகிறவர் கிலோவுக்கு 12 ரூபாய் தருகிறார். ஆக 25 ரூபாய். மாத பில்லோ 230. பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் தேறியது. ஆங்கிலப் பேப்பர் கனமாக இருக்கும். அதற்கு இந்தக் கணக்கு கொஞ்சம் மாறலாம், நான் வாங்கிப் பார்த்ததில்லை.

பிறகு எதற்கு அச்சுப் பேப்பர்? உள் பக்கத்தில் பொடி எழுத்தில் வருகிற அறிவிப்புகளுக்காக.

2023இல் ஒரு காலை. அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பேப்பரை மூக்கருகே பிடித்துக்கொண்டு கூப்பிட்டார்: “ஏல, இங்க வா. நம்ம வயலுக்குப் பக்கத்து சர்வே நம்பர்லா இது?” ஒரு வக்கீல் கொடுத்திருந்த பொது அறிவிப்பு. கடையநல்லூர்ப் பக்கம் எங்கள் வயலை ஒட்டிய நிலத்தைத் தன் கட்சிக்காரர் வாங்கப் போவதாகவும், ஆட்சேபணை இருந்தால் 15 நாட்களுக்குள் ஆவணத்தோடு தெரிவிக்கும்படியும் போட்டிருந்தது. சொத்து விவரத்தில் கிணறும் பம்புசெட்டும் ‘முழுவதும்’ என்றிருந்தது. அந்தக் கிணற்றில் எங்களுக்குப் பாதிப் பாத்தியம் உண்டு. அன்றைக்கே பத்திர நகலோடு பதிவுத் தபால் போட்டோம். கிரயம் பாதிப் பாத்தியத்தோடுதான் எழுதப்பட்டது. பார்க்காமல் விட்டிருந்தால் கோர்ட்டுக்கு நடந்துகொண்டிருப்போம்.

இப்படி விளம்பரம் கொடுப்பது வக்கீல்களின் வழக்கம். சில விஷயங்களில் சட்டமே பேப்பரைத்தான் நம்பியிருக்கிறது. 2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டப்படி முதல்நிலை அறிவிக்கை, அரசிதழோடு அந்த வட்டாரத்தில் விற்கும் இரண்டு நாளிதழ்களிலும் வர வேண்டும். அதில் ஒன்று வட்டார மொழியில். கடன் கட்டாத சொத்தை வங்கி சுவாதீனம் எடுத்தால், 2002ஆம் ஆண்டு சர்பாசி சட்டத்தின் கீழும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லியாயிற்று என்று அவர்கள் போய்விடுவார்கள். பார்க்கவில்லை என்று பிறகு நாம் புலம்பலாம்.

இ-பேப்பரிலும் அதே பக்கம் அப்படியே இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஆறு அங்குலத் திரையில் அந்தக் கட்டத்தை விரலால் பெரிதாக்கினால் வரி ஓடிவிடும். வரியைப் பிடித்தால் பக்கம் புரண்டுவிடும். அந்த இரண்டு வருடத்தில் நான் ஒரு பொது அறிவிப்பைக்கூட முழுசாகப் படித்ததில்லை. செய்தி ஆப் என்றால் அதில் இவை வருவதே இல்லை. கண்ணீர் அஞ்சலியும் அப்படித்தான். கூட வேலை பார்த்தவர் இறந்த விவரம் பதினாறாம் நாள் காரியம் முடிந்தபிறகே அப்பாவுக்குத் தெரிந்தது. என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை.

பெங்களூரில் இருக்கும் தம்பிக்கு இந்த வாதம் எடுபடாது. அங்கே அவனுக்கு நெல்லைப் பதிப்பு யார் போடுவார்கள்? போனில் ஊரைத் தேர்ந்தெடுத்துப் படிக்கிறான். வெளியூர்க்காரர்களுக்கு இ-பேப்பர்தான் சரி. டீக்கடையில் ஓசியில் படிப்பது இன்னும் மலிவு, ஆனால் உள் பக்கம் உங்கள் கைக்கு வருவதற்குள் டீ ஆறிவிடும்.

அச்சுப் பேப்பரில் குறை இல்லாமல் இல்லை. எங்களுக்குப் போடுகிற பையன் மாதம் இரண்டு நாள் மறந்துவிடுவான். ஏஜென்ட் அதற்கும் சேர்த்தே பில் எழுதுவார். அதனால் வருடச் சந்தாவாக மொத்தமாகக் கட்டவில்லை, மாதாமாதம்தான். வராத நாளைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்து, பில்லோடு காட்டிக் கழித்துக்கொள்கிறேன். வட்டம் போடுவது அப்பாவின் பொறுப்பு.